நாணயம் 40 ரூபாய், தபால் செலவு 55 ரூபாய்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. "அண்ணா, தஞ்சாவூர் பெரிய கோயில் அஞ்சு ரூபா காயின் உங்ககிட்ட இருக்காமே? எவ்வளவு?" திண்டுக்கல் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன். பெரிய கோயிலின் 1000-ஆவது ஆண்டையொட்டி 2010-ல் வெளியான நாணயம் அது. புழக்கத்துக்குப் போகாமல் பளபளப்பாக என்னிடம் சில இருந்தன. 40 ரூபாய் என்று பதில் போட்டேன். உடனே ஒரு சிரிப்பு பொம்மை வந்தது. அடுத்து, "அனுப்ப எவ்வளவு ஆகும் அண்ணா?" என்று கேட்டான்.

ஸ்பீட் போஸ்ட்டில் 55 ரூபாய் ஆகும் என்றேன். ஐந்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு வந்தது: "அப்ப வேணாம் அண்ணா. சாரி."

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறேன். நாணயம் சேர்ப்பது பள்ளி நாட்களிலிருந்து உள்ள பழக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஓட்டைக் காலணாவில் ஆரம்பித்தது. இன்று வாங்குவதும் விற்பதும் முக்கால்வாசி இன்டர்நெட்டில்தான். இதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அபூர்வ நாணயங்களைப் பற்றியதல்ல. தபால் செலவைப் பற்றியது. நாணயத்தின் விலையை ஆயிரம் முறை பேரம் பேசுகிறோம். அதை அனுப்பும் செலவை மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு, எளியவர்களின் கையை விட்டு மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

சின்ன நாணயத்துக்குத்தான் பெரிய சுமை

அந்தப் பெரிய கோயில் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6 கிராம். பத்து ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம். சட்டைப் பையில் போட்டால் தெரியாத எடை. ஆனால் தபால் கட்டணம் நாணயத்தின் விலையைப் பார்ப்பதில்லை. 40 ரூபாய் நாணயமாக இருந்தாலும் 4,000 ரூபாய் நாணயமாக இருந்தாலும் கவர் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான்.

இதைச் சதவீதத்தில் பாருங்கள். 40 ரூபாய் நாணயத்துக்கு 55.46 ரூபாய் தபால் செலவு என்றால் அது நாணய விலையில் 139 சதவீதம். 400 ரூபாய் நாணயத்துக்கு அதே செலவு 14 சதவீதம். 4,000 ரூபாய் நாணயத்துக்கு 1.4 சதவீதம்தான். விலை உயர்ந்த நாணயம் வாங்குபவர் டீச் செலவு போல இதைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். பையில் 100 ரூபாய் வைத்துக்கொண்டு ஆசையாக ஆரம்பிக்கும் பையனுக்கு இது நாணயத்தைவிடப் பெரிய செலவு.

நேரில் வாங்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. நாணயக் கண்காட்சிக்குப் போனால் மேஜை மேல் ஒரு டப்பாவில் "எதை எடுத்தாலும் 20 ரூபாய்" என்று கொட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் எல்லாம் அந்த டப்பாவில் கையை விட்டுத்தான் நாணயம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். இன்டர்நெட்டில் அந்த டப்பாவை வைக்க முடியவில்லை. காரணம், 20 ரூபாய் நாணயத்தை 20 ரூபாய்க்கு அனுப்ப வழியில்லை.

பதிவுத் தபால் போன பிறகு

நம் நாட்டில் நாணயம் சேர்ப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கை கொடுத்தது பதிவுத் தபால். 20 கிராம் வரை உள்ள கவருக்கு, ஜி.எஸ்.டி. சேர்த்து 25 ரூபாய் 96 காசு. மெதுவாகப் போகும். ஆனால் ரசீது உண்டு, எண் உண்டு, பெறுபவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். எடை கூடினால் ஒவ்வொரு 20 கிராமுக்கும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

2025-ல் பதிவுத் தபால் ஒரு தனிச் சேவையாக இருப்பது முடிவுக்கு வந்தது. அது ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 55 ரூபாய் 46 காசு. அதில் பதிவு வசதி வேண்டும் என்றால் இன்னும் 5 ரூபாயும் வரியும். மொத்தம் 61 ரூபாய் 36 காசு. அதாவது ரசீதும் கையெழுத்தும் உள்ள மலிவான கவர் ஒன்று இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்பீட் போஸ்ட் வேகமாகப் போகிறது. கவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாம். இன்னொரு 5 ரூபாய் கட்டினால், ஓடிபி சொன்னால்தான் கவரைக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. விலை உயர்ந்த நாணயத்துக்கு இவை எல்லாம் நல்லதுதான். ஆனால் 40 ரூபாய் நாணயத்துக்கு யாரும் வேகம் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை, தொலையாமல் வந்தால் போதும். அந்த மெதுவான, மலிவான, பத்திரமான வழிதான் இப்போது இல்லை.

ஒரு ரூபாய் நாணயம், 150 ரூபாய் டெலிவரி

அடுத்தது, தபால் செலவை வைத்து நடக்கும் வித்தைகள். விற்பனைத் தளத்தில் "குறைந்த விலை முதலில்" என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் வருவது 1 ரூபாய்க்கு ஒரு நாணயம். ஆகா என்று க்ளிக் செய்தால், கடைசிப் பக்கத்தில் டெலிவரி கட்டணம் 150 ரூபாய் என்று இருக்கும். 120 ரூபாய், டெலிவரி 30 என்று நேர்மையாகப் போட்ட விற்பனையாளரின் நாணயம் மூன்றாவது பக்கத்தில் கிடக்கும். இரண்டுக்கும் மொத்தத்தில் ஒரு ரூபாய்தான் வித்தியாசம்.

இந்த வித்தை ஏன் பலிக்கிறது? 2006-ல் டன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இபே தளத்தில் சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் கேம்களையும் ஏலம் விட்டுச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு தொகுப்பில் ஆரம்ப விலை 4 டாலர், டெலிவரி இலவசம். இன்னொன்றில் ஆரம்ப விலை ஒரு சென்ட், டெலிவரி 3.99 டாலர். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது தொகுப்புக்குத்தான் அதிகம் பேர் ஏலம் கேட்டார்கள். மொத்த வருமானமும் அதில்தான் கூடுதல். குறைந்தபட்சத் தொகையை 8 டாலராக உயர்த்தியபோது சிடிக்களில் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது டெலிவரி கட்டணம் மிக அதிகமாகத் தெரியாதவரை நாம் அதைக் கவனிக்காமல் விடுகிறோம். 

இதில் விற்பனையாளருக்கு இன்னொரு லாபமும் இருந்தது. தளத்துக்குக் கட்ட வேண்டிய கமிஷன் ஒரு காலத்தில் பொருளின் விலைக்கு மட்டும்தான் கணக்கிடப்பட்டது. விலையைக் குறைத்து டெலிவரியை ஏற்றினால் கமிஷன் மிச்சம். அமெரிக்காவில் இபே 2011-ல் டெலிவரி கட்டணத்துக்கும் சேர்த்துக் கமிஷன் வாங்க ஆரம்பித்தது. அதன் பிறகு அந்த வழி அங்கே அடைபட்டது.

வாங்குபவருக்கு நஷ்டம் திருப்பி அனுப்பும்போதும் வரும். பல விற்பனையாளர்கள் "பொருளின் விலை மட்டும் திருப்பித் தரப்படும்" என்று எழுதியிருப்பார்கள். 1 ரூபாய் நாணயம் போலி என்று தெரிந்து திருப்பி அனுப்பினால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 1 ரூபாய்தான். 150 போனது போனதுதான். ஆகவே வாங்கும் முன் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

'ஃப்ரீ டெலிவரி' உண்மையில் ஃப்ரீயா?

"இந்தத் தலைவலியே வேண்டாம், டெலிவரி இலவசம் என்று போட்டுவிடலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தபால்காரர் இலவசமாக வருவதில்லை. அந்தப் பணம் நாணயத்தின் விலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். 30 ரூபாய் நாணயத்தை, டெலிவரி இலவசம் என்று சொல்லி 85 ரூபாய்க்கு விற்கிறேன். நீங்கள் ஒரே தடவையில் பத்து நாணயம் எடுக்கிறீர்கள். 850 ரூபாய் கட்டுகிறீர்கள். நான் பத்தையும் ஒரே கவரில் போட்டு அனுப்புகிறேன். 50 கிராமைத் தாண்டி 250 கிராமுக்குள் இருக்கும். தூரம் 200 முதல் 500 கிலோமீட்டர் என்றால் கட்டணம் 63 ரூபாய். வரியோடு 74 ரூபாய் 34 காசு. நீங்கள் தபாலுக்கு என்று தெரியாமலே கொடுத்தது 550. நான் செலவழித்தது 74. மீதி 476 ரூபாய் என் பையில். இதற்குப் பெயர் இலவசமா?

தபால் செலவைத் தனியாகக் காட்டியிருந்தால் உங்களுக்கு மொத்தச் செலவு 374 ரூபாய்தான். ஆகவே என் கட்சி இதுதான்: தபால் செலவை நாணயத்துக்குள் ஒளிக்கவும் கூடாது, தபால் செலவுக்குள் லாபத்தை ஒளிக்கவும் கூடாது. நாணயம் இவ்வளவு, தபால் இவ்வளவு, கவரும் அட்டையும் இவ்வளவு என்று மூன்று வரி. கவருக்கும் உழைப்புக்கும் 10 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஒரே கவர், பத்து நாணயம்

தபால் கட்டணத்தை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் அதைப் பங்கு போடலாம். நாணயம் வாங்குவோர் எல்லோரும் பழக வேண்டிய விஷயம் இது.

முதலில், விற்பவரிடம் "சேர்த்து அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். பல குழுக்களில் நல்ல விற்பனையாளர்கள் இதைச் செய்கிறார்கள். இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று நீங்கள் வாங்குவதை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, மாதக் கடைசியில் ஒரே கவரில் அனுப்புவார்கள். இதற்கு நம்பிக்கை வேண்டும். புதியவரிடம் 2,000 ரூபாய் நாணயத்தை ஒரு மாதம் விட்டு வைக்காதீர்கள். சின்ன நாணயங்களுக்கு இது நல்ல வழி.

இரண்டாவது, எடை. 200 ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு முறை மூன்று வெள்ளி ரூபாய்களை அட்டையில் வைத்து பப்பிள் கவரில் போட்டு நிறுத்தேன். நாணயம் 35 கிராம், கவரும் அட்டையும் 18 கிராம், ஆக 53. வெறும் 3 கிராமுக்காக அடுத்த கட்டணப் பிரிவு. வரியோடு 19 ரூபாய் கூடுதல். அட்டையின் ஓரங்களை வெட்டினேன். 49 கிராமில் நின்றது. தபால் நிலையத்துக் கவுண்ட்டரில் போய் நின்ற பிறகு இதைச் செய்ய முடியாது. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, எக்ஸெல். ஏலத்தில் கேட்கும்போது சூடு ஏறிவிடும். "இன்னொரு பத்து ரூபாய்தானே" என்று கை தானாக அழுத்தும். அதனால் நான் ஏலத்துக்கு முன்பே ஒரு எக்ஸெல் ஷீட் திறந்துகொள்வேன். முதல் காலத்தில் நாணயத்தின் பெயர். இரண்டாவதில், வீட்டு வாசலுக்கு வந்து சேர அதிகபட்சம் நான் கொடுக்கத் தயாராக உள்ள மொத்தத் தொகை. மூன்றாவதில் தபால் செலவு. நான்காவதில், இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழிக்கும் ஃபார்முலா. அந்த நான்காவது காலத்தில் வரும் எண்தான் நான் கேட்கும் உச்சத் தொகை. அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். சின்ன வேலைதான். இரண்டு வருடத்தில் நான் தவிர்த்த முட்டாள்தனங்கள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "எப்படியும் தபால் செலவு கொடுக்கிறோம், கூட நாலு வாங்கிப் போடுவோம்" என்ற எண்ணம் வரும். எனக்கு வந்தது. 55 ரூபாய் வீணாகக் கூடாது என்று 240 ரூபாய்க்குத் தேவையில்லாத ஆறு நாணயங்கள் வாங்கினேன். அவை இன்னும் மேஜை அறையில் கிடக்கின்றன. வேண்டியதைச் சேர்த்து வாங்குவது சிக்கனம். வேண்டாததைச் சேர்ப்பது செலவு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

தபால் செலவைக் குறைக்கச் சொல்லும் நானே ஒரு முறை அதைக் குறைக்கப் போய்ச் சூடு பட்டவன். மொத்தம் 180 ரூபாய் பெறுமான நான்கு நாணயங்கள். சாதாரணக் கவரில் போட்டு, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டேன். நாணயங்களை அட்டையில் இறுக்கி ஒட்டவில்லை. வாங்கியவர் நான்கு நாள் கழித்துப் படம் அனுப்பினார். கவரின் ஓரம் கிழிந்து, உள்ளே ஒரே ஒரு நாணயம். உலோகம் கவருக்குள் அங்கும் இங்கும் ஓடினால் காகிதத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகும். தவறு என்னுடையது. எண் இல்லாத கவர் என்பதால் தேடவும் வழியில்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். சுமார் 45 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 180 ரூபாய் போனது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது:

நாணயத்தை அதற்கான அட்டை ஹோல்டரில் வைக்கவும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும்.

செலோ டேப்பை நாணயத்தின் மேல் நேராக ஒட்டவே கூடாது. ஹோல்டரைத்தான் கனமான அட்டையில் ஒட்ட வேண்டும்.

இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றிலும் ஒட்டவும். காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி செய்யுங்கள். சத்தம் கேட்டால் உள்ளே நாணயம் என்று வழியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கவரின் மேல் "நாணயம்", "காயின்ஸ்" என்று பெருமையாக எழுதாதீர்கள்.

கவரை மூடும் முன் நாணயத்தின் இரண்டு பக்கத்தையும், தராசில் கவரின் எடையையும் செல்போனில் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

விலை உயர்ந்த நாணயம் என்றால் காப்பீடு செய்யத் தயங்காதீர்கள். 1958-ல் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், உலகப் புகழ் பெற்ற ஹோப் வைரத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். எப்படி தெரியுமா? பதிவுத் தபாலில்! மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டுமே. மீதி முழுவதும் காப்பீட்டுக்கு. கொண்டுபோக ஆகும் செலவு வேறு, காப்பாற்ற ஆகும் செலவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 40 ரூபாய் நாணயத்துக்கு முதல் செலவைக் குறையுங்கள். 40,000 ரூபாய் நாணயத்துக்கு இரண்டாவது செலவைக் குறைக்காதீர்கள்.

பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற முறையில் விற்பவர்களும் யோசிக்க வேண்டும். வாங்குபவர் "வேண்டாம்" என்று கதவைச் சாத்தினால் போன செலவும் திரும்பிய செலவும் விற்பவர் தலையில்தான். சின்ன நாணயத்தில் அந்த ஒரு மறுப்பு, பத்து விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும். வாங்குபவர்களே, விளையாட்டுக்காக ஆர்டர் போடாதீர்கள்.

"கூரியர் சார்ஜ் மட்டும் அனுப்புங்க"

இதுவரை சொன்னது உண்மையான தபால் செலவு. பொய்யான தபால் செலவு ஒன்றும் இருக்கிறது. "காண்டாமிருகம் போட்ட 25 பைசா இருக்கிறதா? வைஷ்ணவி தேவி போட்ட 5 ரூபாய் இருக்கிறதா? லட்சக்கணக்கில் விலை" என்று வீடியோக்களும் விளம்பரங்களும் வருகின்றன. போன் செய்தால் மரியாதையாகப் பேசுவார்கள். நாணயத்தின் படத்தைப் பார்த்து "பத்து லட்சம் உறுதி" என்பார்கள். பிறகு, "எங்கள் ஆள் வந்து வாங்கிக்கொள்வார், கூரியர் சார்ஜ் 1,500 மட்டும் அனுப்புங்க" என்பார்கள். அனுப்பினால் அடுத்து ஜி.எஸ்.டி., அடுத்து கமிஷன். கடைசியில் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அந்த நாணயங்கள் அபூர்வமே அல்ல. என்னிடமே ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை. யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால், உங்களுக்குத்தான் பணம் வர வேண்டும். வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வியாபாரமே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். இந்த வலையில் விழுபவர்கள் நாணயம் சேர்ப்பவர்கள் அல்ல, பழைய நாணயம் இரண்டை பீரோவில் வைத்திருப்பவர்கள்தான்.

வெளிநாட்டு ஆசை

வெளிநாட்டுத் தளங்களில் இருந்து வாங்கும்போது நாணயம், தபால் ஆகியவற்றோடு சுங்க வரியும் சேரலாம். எக்ஸெல் ஷீட்டில் அதற்கும் ஒரு காலம் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர்களுக்கு இன்னும் பெரிய விஷயம் ஒன்று. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விக்டோரியா ராணி ரூபாய்க்கு அயல்நாட்டிலிருந்து எவ்வளவு நல்ல விலை வந்தாலும், "தபால் செலவு எவ்வளவு?" என்று பார்க்கும் முன் "அனுப்பலாமா?" என்று பாருங்கள். அந்த நாணயத்துக்குத் தபால் செலவே கிடையாது, வழியே கிடையாது.

என்ன மாற வேண்டும்?

மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, விற்பனைத் தளங்கள். தேடல் பட்டியலில் நாணயத்தின் விலையும் டெலிவரியும் கூட்டிய மொத்தத்தைக் காட்டுங்கள். அந்த மொத்தத்தை வைத்தே வரிசைப்படுத்துங்கள். இபே தளத்தில் விலையும் டெலிவரியும் சேர்த்து வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. புரோகிராம் எழுதுபவனாகச் சொல்கிறேன், இது பெரிய வேலை இல்லை. இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு, தபால் துறை. அமெரிக்காவில் 2021-ல் இபே ஒரு கவர் சேவையைக் கொண்டு வந்தது. முதலில் டிரேடிங் கார்டுகளுக்கு, பிறகு நாணயம், தபால்தலை போன்றவற்றுக்கும். மெல்லிய கவர், 20 டாலருக்குள் மதிப்பு, சாதாரணத் தபாலின் வழியிலேயே போகும். ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அது போல இங்கும் 50 கிராமுக்குள், மெதுவாகப் போகும், எண் மட்டும் உள்ள ஒரு கவர் 30 ரூபாய்க்குள் வேண்டும். கையெழுத்து வேண்டாம், வேகம் வேண்டாம். தபால் துறை நஷ்டத்தில் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. நாணயம் மட்டுமல்ல, தபால்தலை, விதை, கைவினைப் பொருள் என்று வீட்டிலிருந்து சின்னதாக விற்கும் எல்லோருக்கும் இது உதவும். இன்று 55 ரூபாயைப் பார்த்து அனுப்பாமலே விடுகிறவர்கள், 30 ரூபாய்க்கு அனுப்புவார்கள்.

மூன்று, நாம். உண்மையான தபால் செலவைச் சொல்வோம். சேர்த்து அனுப்புவோம். மிச்சமானால் திருப்பிக் கொடுப்போம்.

அந்தத் திண்டுக்கல் பையனுக்கு மறுநாள் நானே செய்தி போட்டேன். "உன் வகுப்பில் வேறு யாராவது சேர்க்கிறார்களா? சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்" என்று கணக்கையும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு மூன்று பேர் சேர்ந்து ஒன்பது நாணயம் கேட்டார்கள். தபால் செலவு 74 ரூபாய், ஆளுக்கு 25. ஒரு நாணயத்துக்கு 8 ரூபாய் சொச்சம்தான். கவரைக் குலுக்கிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, படம் எடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "வந்துடுச்சு அண்ணா. ராஜேந்திர சோழன் காயின் இருக்கா? இந்த தடவை அஞ்சு பேர்."